அம்மாவுக்கு வைத்த சோறு

புக்கிட் லாடா தோட்டம்,
தம்பின்.
23-11-1952

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோவில் நான் முதலில் பார்த்தது உங்கள் முகத்தை இல்லை, சாரத்தைத்தான். சாரத்தின் நடுவில் வரும் அகலப் பட்டை உங்களுக்கு முன்பக்கம் வந்திருக்கிறது. ஆண்கள் கட்டினால் அது பின்னால்தானே இருக்கும்? தம்பின் பாசாரில் மலாய்க்காரர்கள் கட்டியிருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். உங்களுக்கு யார் கட்டிவிட்டது? தலையில் சொங்கோக் தொப்பி வேறு. அத்தை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிக்கப் போன பய மலாய்க்காரனா ஆயிட்டானா?" என்று சிரித்தார். பிறகு படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்.

நீங்கள் மெட்ராஸ் போய் ஐந்து மாதம் ஆகிறது. கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் ஐயா ஆபீசிலிருந்து கொண்டு வந்து காட்டினாரே, இந்திய சர்க்கார் போட்ட சின்னப் புத்தகம், அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மரத்தடியில் பல தேசத்துப் பையன்கள் உட்கார்ந்திருக்கும் படத்துக்குக் கீழே, 'கடல் கடந்து வரும் மாணவர்களுக்கு இங்கே ஒரு வீடு காத்திருக்கிறது' என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல்தான். கம்பிவேலியை இன்னும் ஒரு சுற்று போட்டிருக்கிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம், காலையில் வேலைக்குப் போகும்போது சோறு எடுத்துப் போகக் கூடாது. கேட்டில் பை, பானை, கூந்தல் எல்லாம் தடவிப் பார்க்கிறார்கள். நான் இப்போது அத்தை வீட்டில் படுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறது.

அப்பா சொல்லச் சொன்னது: நான் நலமாக இருக்கிறேன். நீ நன்றாகப் படி. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா கைவிரலில் ரப்பர் உளி பட்டுவிட்டது. அதனால் இந்தத் தடவை கடிதத்தில் விரல் ரேகை வைக்கவில்லை.

உங்கள் தங்கை,
அகதா


மெட்ராஸ்
14-12-1952

அன்புத் தங்கை அகதாவுக்கு,

உன் கண்ணுக்குத் தப்ப முடியாது. சாரத்தைக் கட்டிவிட்டது ஒரு சயாம் நாட்டுப் பையன். அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்கு இங்கே வெளிநாட்டு மாணவர் தினம். ஒவ்வொருவரும் அவரவர் தேசத்து உடையில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வரவேற்பில் நின்ற அம்மாள், "தம்பி, உன் தேசத்து உடை எங்கே?" என்று கேட்டார். இதுதான் என்றேன். "இது எங்கள் உடையாச்சே" என்று சிரித்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு சாரத்தையும் தொப்பியையும் வரவழைத்தார்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். கப்பல் வந்த அன்று துறைமுகத்துக்கே ஆள் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். எங்களுக்கென்று ஓர் ஆலோசகர் இருக்கிறார், ராமகிருஷ்ணன் என்று பெயர். காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கூட்டி வருவார். பாடம் புரியாவிட்டால் ஆள் வைத்துச் சொல்லித் தருவார். கோடை விடுமுறைக்கு எங்கள் எல்லாரையும் மலைக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டில் எனக்கு விருந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 'வெளிநாட்டு விருந்தாளி' என்று சீட்டில் போட்டிருக்கிறது.

ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்குத் தனி மேசை. அதில் ரொட்டி, முட்டை, முள்கரண்டி. பத்தடி தள்ளி மற்றப் பையன்கள் இட்லி சாப்பிடுகிறார்கள். வாசனை மட்டும் இங்கே வரும். ஒரு நாள் எழுந்து போய் அவர்கள் பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் என் கையைப் பிடித்துக் கூட்டி வந்து மறுபடி ரொட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார், மரியாதையாகத்தான். நான் வாயைத் திறந்தால் பையன்கள் சிரிக்கிறார்கள். சந்தையைப் பாசார் என்கிறேனாம், சாப்பிட்டீர்களா என்பதற்குப் பசியாறிட்டீங்களா என்கிறேனாம். எனக்கு இங்கே பெயர் 'மலாயா'. என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகிறது.

இதெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே.

இப்போது நான் கேட்பதற்கு உண்மையைச் சொல். அப்பா ஒரு நாளும் 'நலமாக இருக்கிறேன்' என்று சொல்லச் சொன்னதில்லை. எப்போதும் முதலில் மழையைச் சொல்வார், அப்புறம் முதுகுவலி, அப்புறம் வேலை வாங்கும் மண்டோர் அர்ச்சுனனைத் திட்டுவார். கை அறுபட்டு ரத்தம் கொட்டிய நாளில்கூட மற்றக் கையால் கரியைத் தொட்டுக் கடிதத்தில் விரல் வைத்தவர் அவர். அங்கே என்ன நடக்கிறது?

இத்துடன் ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கிறது. உபகாரச் சம்பளத்தை அடுத்த வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும். மகன் தொடர்ந்து படிக்கச் சம்மதம் என்று அப்பா தோட்டத்துத் துரை முன்னிலையில் இடது பெருவிரல் வைக்க வேண்டும். பிப்ரவரி கடைசிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் மார்ச்சோடு என்னைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

உன் அண்ணன்,
ஜோசப்ராஜ்


புக்கிட் லாடா தோட்டம்
4-1-1953

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பொய் எழுதினேன். கூரை ஒழுகவில்லை. அப்பா இல்லாத வீட்டில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, அதுதான். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. தடுப்பு முகாமில் இருக்கிறார்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன நவம்பரில், செத்தவர்களுக்கான கல்லறைத் திருநாள் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் வைக்கக் கூடாது என்று மாதா கோயில் சாமியார் மறுநாள் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார். கல்லறைத் தோட்டம் இப்போது கம்பிவேலிக்கு வெளியே இருக்கிறது. திங்கட்கிழமை எல்லாரும் போலீஸ் துணையோடு போய் வரலாம் என்று ஆபீசில் பாஸ் கொடுத்தார்கள். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாந்தேதிதான் திருநா. உங்கம்மா ரெண்டாந்தேதி காத்துக்கிட்டு இருப்பா. சாமியாரு மாத்தினது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மதியம் என்னைச் சமைக்கச் சொன்னார். சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. அம்மாவின் பித்தளைத் தட்டில் வைத்துத் துணியால் கட்டி, பூக்கூடைக்குள் அடியில் வைத்தார். மேலே பூவும் மெழுகுவர்த்தியும். கேட்டில் நின்ற காவல்காரப் பையன் பூவைப் பார்த்துவிட்டுக் கூடைக்குள் கை விடவில்லை. அப்பாவும் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். வந்து சந்தோஷமாகப் படுத்துத் தூங்கினார்.

சாயங்காலம் ரோந்து போனவர்கள் கல்லறையில் தட்டைப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பருக்கை இல்லையாம். நாயோ, குரங்கோ, தெரியவில்லை. தட்டின் அடியில் புள்ளி புள்ளியாக 'ஆரோக்கியம்' என்று அம்மா பெயர் வெட்டியிருக்கிறதல்லவா, தாத்தா சீதனமாகக் கொடுத்தபோது வெட்டியது. எங்கள் வீடுகள் இருக்கும் லயத்துக்கு வந்து, யார் ஆரோக்கியம் என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா தானாகவே வெளியே வந்து, "அது என் வீட்டுத் தட்டு" என்றார்.

சோற்றைத் தின்றது யார் என்று கேட்டார்கள். அப்பா, "அவதான் சாப்பிட்டா" என்றார். எந்தப் பெண், காட்டில் எங்கே இருக்கிறாள், எத்தனை பேரோடு இருக்கிறாள் என்று அதிலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவுக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை அண்ணா. அம்மா சாப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் டீச்சர் கேள்வி கேட்டால் எனக்கு வாய் வராது, உங்களுக்குத் தெரியும். ஆனால் இது பள்ளிக்கூடம் இல்லையே. அன்றைக்கு நான் வெளியே வந்து, அம்மா செத்து நாலு வருடம் ஆகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கிராணி ஐயாதான் உங்களுக்கு எழுத வேண்டாம் என்றார். அப்பன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்றார். அப்பாவின் ரப்பர் மரங்களை மண்டோர் என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டு மாதமாக நான்தான் பால் வெட்டுகிறேன். என் இடது பெருவிரலிலும் உளி பட்டு ஒரு தழும்பு வந்துவிட்டது, அப்பாவுக்கு இருக்கும் அதே இடத்தில்.

பாரத்தைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். "உன் வெரலை வையேன், யாரு பாக்கப் போறா" என்கிறார். என்ன செய்ய?

அகதா


மெட்ராஸ்
25-1-1953

அகதா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு மாதம் எனக்குத் தெரியாமல், நான் இங்கே சாரம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் படத்தைக் கிழித்துப் போடு.

விரல் வைக்காதே. வை என்றுதான் முதலில் எழுதினேன், உன்னிடம் மறைக்கவில்லை. எழுதி ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். உன்னையும் பிடித்துக்கொண்டு போனால் அந்த லயத்தில் நம் பெயர் சொல்ல யார் இருப்பார்கள்?

இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ராமகிருஷ்ணன் சார் அறைக்கே வந்துவிட்டார். என்னால் மறைக்க முடியவில்லை. பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சோறு, கல்லறை எதையும் சொல்லவில்லை. அப்பாவை அங்கே வெள்ளைக்கார சர்க்கார் பிடித்து வைத்திருக்கிறது என்பதை மட்டும்.

அவர் சிரித்தார் அகதா.

"வெள்ளைக்காரன் பிடிச்சு வெச்சிருக்கானா? அட, இதுக்கா ரெண்டு நாளா சாப்பிடாம கிடக்கறே? என்னையுந்தான் ரெண்டு வருஷம் வெச்சிருந்தான். நம்ம பிரின்சிபாலோட அண்ணா ஜெயில்லேயே போயிட்டார்."

அங்கே தலைகுனிவாக இருப்பது இங்கே இப்படி இருக்கிறது. தகப்பனார் வர இயலாத நிலையில் இருந்தால் வேறு உறவினர் கையொப்பம் போதும், காரணத்தை உள்ளபடி எழுதினால் போதும் என்று விதியிலேயே இருக்கிறதாம். அவரே பாரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அத்தை விரல் வைத்தால் போதும். துரைக்குப் பதில் கிராணி ஐயா சாட்சி போட்டாலும் சரியாம்.

சார் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்திருந்தது. வராந்தாவில் நின்ற பையன்கள் கேட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் கணேசமூர்த்தி என்று ஒருவன், இதுவரை என் பேச்சைக் கிண்டல் செய்தவன், என் மேசைக்கு வந்து முள்கரண்டியைத் தள்ளி வைத்தான். "எழுந்து வா ஜோசப்" என்றான். அவர்கள் பந்தியில் உட்கார வைத்தான். இட்லி சாப்பிட்டேன். ஆறு சாப்பிட்டேன்.

அப்பாவைப் போய்ப் பார். என்ன சொன்னார் என்று ஒரு சொல் விடாமல் எழுது.

அண்ணன்


புக்கிட் லாடா தோட்டம்
15-2-1953

அன்புள்ள அண்ணனுக்கு,

அத்தை விரல் வைத்த பாரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிராணி ஐயா சாட்சி போட்டார். காரணம் எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார். ராமகிருஷ்ணன் ஐயாவுக்காக நான் தினமும் மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன். அவர் இந்துவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அத்தை சொன்னார்.

போன ஞாயிறு அப்பாவைப் பார்த்தேன். அத்தை லாரியில் வந்தால் வாந்தி எடுப்பார் என்று நான் தனியாகத்தான் போனேன். வேறு தோட்டத்து ஆட்களோடு லாரியில் ஏறி, பெயர் கூப்பிடும்வரை வெயிலில் நின்றேன். என் பெயரைக் கூப்பிட்டபோது 'இருக்கேன்' என்று சொல்ல வரவில்லை. பின்னால் நின்ற ஒரு சீனக் கிழவிதான் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

நடுவில் கம்பி வலை. அப்பா மெலிந்திருக்கிறார். தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஒரு சொல் விடாமல் எழுதச் சொன்னீர்கள். முதலில், "மழ பெய்யுதா?" என்றார். பெய்யவில்லை என்றேன். முதுகு வலிக்கிறது என்றார். என் மரங்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆற்றோரம் இருக்கும் வளைந்த மரத்துக்கு உளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று வலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குக் கையால் காட்டினார். பிறகு, "தட்டக் குடுத்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மட்டும் அவர் முகம் சுருங்கியது.

உங்களைப் பற்றிக் கேட்டார். நன்றாகப் படிக்கிறார், எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றேன். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மார்ச் 26ஆம் தேதி வியாழக்கிழமை சிரம்பானில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்களாம். கல்லறைக்குத்தான் சோறு வைத்தார் என்று நம்பினால் விட்டுவிடுவார்களாம். சாமியார் கடிதம் கொடுத்திருக்கிறார். சாப்பாடு படைப்பது திருச்சபை வழக்கம் இல்லை, ஆனால் தோட்டத்து ஆட்கள் செய்வதுண்டு என்று எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்து சாட்சிக்கு ஒருவர் வரலாம். அத்தை மாட்டேன் என்கிறார். அப்படியானால் நான்தான்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அங்கே நீங்கள் அப்பாவைப் பற்றி யாரிடமும் அதிகம் பேச வேண்டாம். உங்கள் போன கடிதம் இரண்டு தடவை ஒட்டப்பட்டிருந்தது. பழைய பசைக்கு மேலே புதுப் பசை இருந்தது.

அகதா


மெட்ராஸ்
8-3-1953

அகதா,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. வேறு யாருக்கும் காட்டாதே. அத்தைக்குக்கூட. இதைத் தபாலில் போடவில்லை. பினாங்குக்குக் கப்பல் ஏறும் ஒரு செட்டியார் கையில் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து அவருடைய ஆள் சிரம்பானில் செட்டிமார் வட்டிக்கடை வைத்திருக்கும் கிட்டங்கிக்குக் கொண்டு வந்து, தோட்டத்துக்குச் சேர்ப்பிப்பார்.

உன் எச்சரிக்கை வந்தபோது காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பையன்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்நிய ஆட்சியில் இன்னும் இருக்கும் நாடுகளைப் பற்றி. ஆப்பிரிக்கப் பையன் ஒருவன் பேசினான். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கூடம் நிறைய ஆட்கள். நான் உள்ளதைத்தான் சொல்ல எழுந்தேன், அம்மா மேல் ஆணை. வேலியைப் பற்றிச் சொன்னேன். கேட்டில் பெண்களின் கூந்தலைத் தடவுவதைச் சொன்னேன். பிறகு, "என் அப்பா தடையை மீறிச் சோறு எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனார்" என்றேன். எங்கே போனார் என்று சொல்வதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

நான் காத்திருந்தேன். கைதட்டல் நிற்கட்டும், கல்லறைக்கு என்று சொல்லலாம் என்று. அது நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஊர், அகதா. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெத்திலிக் கருவாடு என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வேன்? காட்டில் பசியோடு போராடுகிறவர்களுக்கு என் அப்பா சோறு கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன். மீதியை எப்படிப் பேசினேன் என்று நினைவில்லை. தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. பெயர், தோட்டம் எல்லாம். துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன், நீ பார்த்துவிட்டு எரித்துவிடு. சின்னப் பத்திரிகைதான். அங்கே எட்டாது.

வெளிநாட்டு மாணவர்கள் அரசியல் பேசக் கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். ராமகிருஷ்ணன் சார்தான் எனக்காகப் பேசினார். "தகப்பனுக்கு நடந்த உண்மையை மகன் சொன்னது அரசியல் இல்லை" என்று வாதாடிக் காப்பாற்றினார். வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, "அது உண்மைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. தெரிந்தால் அன்றைக்கே என் படிப்பு முடிந்தது. அதைவிட, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அப்பா கொடுத்தது அம்மாவுக்கு. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன்னிடமாவது உண்மையை எழுதி வைக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால்தான் எழுதினேன்.

யாருக்கும் காட்டாதே.

ஜோசப்


புக்கிட் லாடா தோட்டம்
29-3-1953
குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. முடிவு இன்னும் தெரியவில்லை. பிறகு எழுத்து மூலம் தெரிவிப்பார்களாம். அதற்கு மேல் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதம் 24ஆம் தேதி என் கைக்கு வந்தது. பத்திரிகைத் துண்டை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். கடிதத்தைப் போட மனம் வரவில்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அதோடுதான் பால் வெட்டப் போனேன், அதோடுதான் சிரம்பானுக்கும் போனேன்.

கிராணி ஐயா கூட வந்தார், ஆனால் அவரை உள்ளே விடவில்லை. நீளமான மேசை. இரண்டு வெள்ளைக்காரர்கள், நடுவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர். மொழிபெயர்க்க ஒரு தமிழர், டை கட்டியவர். அப்பாவை முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவின் தட்டு மேசைமேல் இருந்தது. அதில் ஒரு அடையாளச் சீட்டைக் கட்டியிருந்தார்கள். அப்பா வந்ததிலிருந்து தட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் நல்லபடியாகத்தான் போயிற்று. சாமியார் கடிதத்தைப் படித்தார்கள். ஆரோக்கியம் யார் என்று என்னைக் கேட்டார்கள். என் அம்மா என்றேன். சத்தம் வெளியே வரவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். செத்து நாலு வருடம் ஆகிறது என்றும் சொன்னேன். மலாய்க்காரப் பெரியவர் தலையை ஆட்டினார். அவர் நம்பினார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது ஓரத்தில் இருந்தவர் ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான் அடுப்பில் போட்ட அதே துண்டு. இன்னொன்று. உங்கள் பெயருக்கும் தோட்டத்தின் பெயருக்கும் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. எட்டாது என்று எழுதியிருந்தீர்கள்.

டை கட்டியவர் அதைத் தமிழில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். காட்டில் போராடுகிறவர்களுக்கு என் தந்தை சோறு கொடுத்தார் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். "இது ஒம் மகன் பேசினதா?" என்று கேட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி கூட்டத்துல பேசினானா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "எத்தன பேரு இருந்தாங்களாம்?" என்றார். நிறையப் பேர் என்றேன். அண்ணா, அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அந்த அறையில், அந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டு.

டை கட்டியவர் மறுபடி கேட்டார். உன் மகன் சொன்னது உண்மையா, பொய்யா? ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

அப்பா எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"எம் மவன் படிச்சவன் தொரை. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவருக்கு என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் இல்லை. அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் உங்களைப் பொய்க்காரன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. அதற்கு அவர் முகாமுக்கே திரும்பிப் போகத் தயாராக இருந்தார்.

வெள்ளைக்காரர் அதை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். டை கட்டியவர், என்னிடம் கேட்க இனி ஒன்றும் இல்லை, நான் போகலாம் என்று கதவைக் காட்டினார்.

நீங்கள் எழுதியது ஒவ்வொரு வரியும் எனக்கு நினைவு இருந்தது. யாருக்கும் காட்டாதே என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். ராமகிருஷ்ணன் ஐயா உங்கள் தோளில் கை வைத்ததும் நினைவு இருந்தது. அந்தப் பையன்கள் பந்தியில் நீங்கள் ஆறு இட்லி சாப்பிட்டதும்.

நான் கதவுப் பக்கம் போகவில்லை. திரும்பி நின்று கடிதத்தை வெளியே எடுத்தேன். வேர்வையில் நனைந்திருந்தது. மேசைக்குக் கிட்டப் போய், அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்து, 'அப்பா கொடுத்தது அம்மாவுக்கு' என்று நீங்கள் எழுதியிருந்த வரியின்மேல் என் விரலை வைத்தேன்.

அகதா